வீட்டுக் கணிப்பொறியும் துடிக்கும் விண்மீனும்

2010-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஏம்ஸ் என்னும் ஊரில், ஒரு தம்பதியரின் கணிப்பொறி ஒரு நீண்ட கணக்கைப் போட்டு முடித்து, விடையை இணையத்தின் வழியே அனுப்பியது. கணிப்பொறியின் சொந்தக்காரர்களுக்கு அன்று அது தெரியாது. மூன்று நாள் கழித்து ஜெர்மனியில் மைன்ஸ் நகரத்துக் கணிப்பொறி ஒன்று அதே கணக்கைத் தனியே போட்டு, அதே விடையை அனுப்பியது. இரண்டும் ஒன்றையொன்று அறியா. இரண்டின் சொந்தக்காரர்களும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இரண்டு விடைகளும் வானத்தில் ஒரே இடத்தைச் சுட்டின. அங்கே, வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை தன்னைத்தானே சுற்றும் ஒரு விண்மீன் இருந்தது. அதுவரை அதை யாரும் கண்டதில்லை.

வானியல் அறிஞர்கள் பெரிய தொலைநோக்கி வைத்துத் தேடும் பொருளை, வீட்டு மேசைமேல் இருக்கும் கணிப்பொறி எப்படிக் கண்டுபிடித்தது? அதுவும், முன்பின் அறியாதவர் வீட்டுக் கணிப்பொறி சொன்ன விடையை அறிஞர்கள் எப்படி நம்பினார்கள்? இந்த இரண்டாவது கேள்விதான் எனக்கு முதல் கேள்வியைவிடச் சுவையாகப் படுகிறது. இரண்டையும் பார்ப்போம்.

துடிப்பு விண்மீன் என்பது, சூரியனைவிட அதிகப் பொருண்மையை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் குறுக்களவுக்குள் அடைத்து வைத்த, வேகமாகச் சுழலும் ஒரு பந்து. கலங்கரை விளக்கத்தின் ஒளிக்கற்றை சுற்றிச் சுற்றி வருவது போல அதன் ரேடியோக் கற்றை நம்மைத் தொட்டுத் தொட்டுப் போகும். ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒரு துடிப்பு. 1967-இல் கேம்பிரிட்ஜில் மாணவியாக இருந்த ஜோசலின் பெல், முதல் துடிப்பு விண்மீனைத் தம் கண்ணாலேயே கண்டுபிடித்தார். ரேடியோக் கருவியின் பேனா காகிதச் சுருளில் கோடு போட்டுக்கொண்டே போகும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மீட்டர் காகிதம்! அதை அங்குலம் அங்குலமாகப் பார்த்து, 1.3 வினாடிக்கு ஒருமுறை வந்த சிறு அசைவைப் பிடித்தார்.

எல்லாத் துடிப்புகளும் அப்படிக் கண்ணுக்குத் தெரிந்துவிடா. பெரும்பாலானவை இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. திருவிழாக் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டு, கைக்கடிகாரத்தின் டிக்-டிக் ஒலியைக் கேட்க முயல்வதைப் போன்றது இது. டிக் ஒலி மெல்லியதுதான். ஆனால் அது தவறாமல் ஒரே இடைவெளியில் வருகிறது, கூட்டத்தின் ஓசை அப்படி வருவதில்லை. அந்த ஒரு வேற்றுமைதான் நமக்குக் கிடைக்கும் பிடி.

வகுப்பில் செய்து பாருங்கள்

ஒரு தாயக்கட்டை வேண்டும். 1 முதல் 6 வரை புள்ளியிட்ட சதுரக் கட்டை. உங்களில் ஒருவர் 'விண்மீன்' ஆகட்டும். அவர் 5 முதல் 9 வரை உள்ள எண்களில் ஒன்றை இரகசியமாக நினைத்துக்கொள்கிறார். 7 என்று நினைத்ததாக வைத்துக்கொள்வோம். பிறகு தனியே உட்கார்ந்து கட்டையை உருட்டி, விழும் எண்களை வரிசையாக 140 கட்டங்களில் எழுதுகிறார். ஆனால் ஒவ்வொரு ஏழாவது கட்டத்திலும் மட்டும் கட்டையை மூன்று முறை உருட்டி, விழுந்தவற்றுள் பெரிய எண்ணை எழுதுகிறார். இதுதான் துடிப்பு. மற்றவை இரைச்சல்.

இப்போது அந்தத் தாளை எல்லாரிடமும் காட்டட்டும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. 6-க்கு மேல் எந்த எண்ணும் இல்லை. துடிப்புக் கட்டத்தில் சில சமயம் 3 கூட விழுந்திருக்கும்.

இனி வேலையைப் பங்கிடுங்கள். பத்து மாணவர்கள் போதும். இருவருக்கு 5, இருவருக்கு 6, இருவருக்கு 7, இருவருக்கு 8, இருவருக்கு 9 என்று எண்களைக் கொடுங்கள். 5 என்ற எண்ணைப் பெற்றவர் அந்த 140 எண்களையும் வரிக்கு ஐந்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும். 9 பெற்றவர் வரிக்கு ஒன்பதாக. பிறகு ஒவ்வொரு நெடுவரிசையையும் கூட்டிச் சராசரி காண வேண்டும். ஒரே எண்ணைப் பெற்ற இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக்கூடாது.

பெரும்பாலான நெடுவரிசைகளின் சராசரி 3.5-ஐ ஒட்டியே வரும். ஆனால் 7 பெற்ற இருவர் தாளிலும் ஒரே ஒரு நெடுவரிசை மட்டும் 5-ஐ நெருங்கித் தனியே தலைநிமிர்ந்து நிற்கும். விண்மீன் அகப்பட்டுவிட்டது!

இந்த விளையாட்டில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, 5 பெற்றவர் தம் வேலையைச் செய்ய 9 பெற்றவரை எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, பத்துப் பேரில் எட்டுப் பேர் உழைத்தும் 'ஒன்றும் இல்லை' என்ற விடைதான் கிடைக்கிறது. ஆனால் அவர்கள் தேடாதிருந்தால் 7 என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்றாவது, ஒருவர் கூட்டலில் தவறினால் அவருடைய இணை காட்டிக்கொடுத்து விடுகிறார். இருவர் விடையும் மாறுபட்டால் மூன்றாவது ஒருவரிடம் அதே வேலையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஐன்ஸ்டைன் அட் ஹோம்

மேலே சொன்ன பத்து மாணவர்களுக்குப் பதில் உலகெங்கும் உள்ள வீட்டுக் கணிப்பொறிகளை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' என்னும் திட்டம். 2005 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டத்தை அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகமும், ஜெர்மனியில் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பியல் ஆய்வுக்கூடமும் நடத்துகின்றன. முதலில் ஈர்ப்பலைகளைத் தேடவே இது தொடங்கப்பட்டது. 2009 முதல் ரேடியோத் துடிப்புகளையும் தேடலானார்கள். அந்த ரேடியோப் பதிவுகள் போர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து வந்தவை. 305 மீட்டர் அகலமுள்ள அந்தப் பெரிய கிண்ணம் 2020 டிசம்பர் 1 அன்று, மேலே தொங்கிய கருவி மேடை அறுந்து விழுந்ததில் சிதைந்துபோயிற்று. அது எடுத்த பதிவுகள் மட்டும் பாதுகாப்பாக இருக்கின்றன.

நம் விளையாட்டில் ஐந்தே எண்களைச் சோதித்தோம். உண்மைத் தேடலில் சிக்கல் எவ்வளவோ அதிகம். விண்வெளியில் திரியும் எலெக்ட்ரான்கள் ரேடியோ அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. குறைந்த அதிர்வெண் உள்ள அலை அதிகமாகத் தாமதமாகும். கோயிலிலிருந்து ஒன்றாகப் புறப்பட்ட ஊர்வலம் போகப் போக நீண்டு, வேகமாக நடப்பவர் முன்னும் மெல்ல நடப்பவர் பின்னுமாக வந்து சேர்வதில்லையா, அதுபோல ஒரு கூர்மையான துடிப்பு நம்மை அடையும்போது இழுபட்டுப் போயிருக்கும். எவ்வளவு இழுபட்டது என்பது வழியில் உள்ள எலெக்ட்ரான்களைப் பொறுத்தது. அது நமக்குத் தெரியாது. ஆகவே 600-க்கும் மேற்பட்ட அளவுகளை ஒவ்வொன்றாக வைத்துத் திருத்திப் பார்க்க வேண்டும். இந்தத் திருத்தத்தை ஹனோவரில் இருந்த கணிப்பொறிகளே செய்து, திருத்திய பதிவுகளைப் பொட்டலங்களாகக் கட்டின.

அடுத்த சிக்கல், விண்மீனுக்குத் துணை விண்மீன் இருக்கலாம் என்பது. அப்போது அது நம்மை நோக்கியும் விலகியும் ஓடும். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உச்சமாகவும், விலகும்போது தாழ்ந்தும் கேட்பது போலத் துடிப்பின் இடைவெளியே மாறிக்கொண்டிருக்கும். எந்தப் பாதையில் ஓடுகிறது என்பதும் தெரியாது. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் 6,000-க்கும் மேற்பட்ட பாதைகளைக் கற்பனை செய்து சோதிக்க வேண்டும். வானத்தில் ஒரு திசையை நோக்கி நாலரை நிமிடம் எடுத்த பதிவுக்கு மட்டும் இவ்வளவு! 600-ஐயும் 6,000-ஐயும் பெருக்கிப் பாருங்கள், 36 லட்சம் சோதனைகள் ஆகின்றன. இந்தப் பாதைச் சோதனைகள்தாம் வீட்டுக் கணிப்பொறிகளின் பங்கு. ஒவ்வொரு பொட்டலமும் குறைந்தது இரண்டு வீடுகளுக்குப் போயிற்று.

இப்போது ஏம்ஸ், மைன்ஸ் கதை விளங்கும். இரண்டும் நம் வகுப்பில் 7 என்ற எண்ணைப் பெற்ற இருவரைப் போன்றவை. அவை பெற்ற பதிவு 2007 பிப்ரவரியில் எடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அதில் விண்மீன் ஒளிந்து கிடந்தது. விடைகள் ஒத்துப்போனதும் கிரீன் பேங்க் முதலிய வேறு தொலைநோக்கிகளையும் அத்திசையில் திருப்பினார்கள். துடிப்பு அங்கே இருந்தது. 2010 ஆகஸ்டில் செய்தி வெளியாயிற்று. விண்மீனின் பெயர் பி.எஸ்.ஆர். ஜே2007+2722. பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் அது வெறும் முகவரி. வான வரைபடத்தில் கிழக்கு-மேற்கு அளவில் 20 மணி 07 நிமிடம், வடக்கே 27 பாகை 22 நிமிடம். குறுநரி மண்டலத்தில் இருக்கிறது. தூரம் ஏறத்தாழ 17,000 ஒளி ஆண்டு என்று அப்போது மதிப்பிட்டார்கள். இத்தனை பாதைகளைச் சோதித்துக் கண்ட இந்த விண்மீனுக்குத் துணையே இல்லை என்பது வேடிக்கை!

ஈர்ப்பலைத் தேடல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். 2015-இல் லைகோ அறிஞர்கள் கண்ட ஈர்ப்பலை, இரண்டு கருந்துளைகள் மோதியபோது எழுந்த ஒரு நொடிக்கும் குறைவான அலை. வீட்டுக் கணிப்பொறிகள் தேடுவதோ சுழலும் விண்மீனிலிருந்து இடைவிடாது வரும் மெல்லிய அலையை. அது இன்னும் அகப்படவில்லை. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் தொடங்கி, வேற்றுலக அறிவுயிர்களின் ரேடியோக் குரலைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2020 மார்ச் இறுதியில் அது புதிய பொட்டலங்கள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. எந்தக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த 'பாயிங்க்' என்னும் பொதுச் செயல்நிரல்தான் ஐன்ஸ்டைன் அட் ஹோம் உள்ளிட்ட பல திட்டங்களை நடத்துகிறது.

எல்லாக் கணக்கையும் இப்படிப் பங்கிட முடியாது. பத்துப் பேர் கூடினாலும் இட்லி மாவு ஒரு மணி நேரத்தில் புளித்துவிடுமா? ஒரு படி முடிந்தால்தான் அடுத்த படி என்று இருக்கும் கணக்குகளும் அப்படியே. நாளைய வானிலையைக் கணிக்கும்போது ஒவ்வொரு பகுதியும் பக்கத்துப் பகுதியின் காற்றையும் வெப்பத்தையும் நொடிக்கு நொடி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதை வீடு வீடாகப் பிரித்தால் கேட்டுச் சொல்வதிலேயே காலம் போய்விடும். 2003-இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய ஒரு தட்பவெப்பத் திட்டம் இதற்கு நல்ல உபாயம் கண்டது. உலகை வீடுகளுக்குத் துண்டு போட்டுக் கொடுக்காமல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முழு உலகத்தையே கொடுத்துவிட்டார்கள்! மேகம், மழை பற்றிய சில அளவுகளை மட்டும் வீட்டுக்கு வீடு சிறிது மாற்றிக் கொடுத்தார்கள்.

லினக்ஸ் கணிப்பொறியில் என்ன நடக்கிறது?

உங்கள் வீட்டில் உபுண்டுவோ டெபியனோ உள்ள லினக்ஸ் கணிப்பொறி இருந்தால், பாயிங்க் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும். வேறெங்கும் தேடி இறக்க வேண்டாம். நிறுவியதும் திட்டம் ஒன்றைத் தேர்ந்து உங்கள் கணக்கைப் பதிவு செய்ய வேண்டும். அதன்பின் செயல்நிரல் தானே பொட்டலத்தை வாங்கி, கணக்கிட்டு, விடையை அனுப்பி, அடுத்ததை வாங்கிக்கொள்ளும்.

லினக்ஸில் கவனிக்கத்தக்க ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் பல செயல்நிரல்கள் கணக்கிடும் பகுதியைக் கேட்டு நிற்கும். யாருக்கு முதலில் இடம்? ஒவ்வொன்றுக்கும் 'நைஸ்' என்று ஓர் எண் இருக்கிறது. −20 முதல் 19 வரை. எண் பெரிதாக ஆக, அது விட்டுக்கொடுக்கும் குணமும் அதிகம். நாம் திறக்கும் சாதாரணச் செயல்நிரலுக்கு 0. பாயிங்க் நடத்தும் கணக்குகளுக்கு வழக்கமாக 19. பந்தியில் எல்லாரும் உண்டபின் உட்காரும் வீட்டுக்காரரைப் போல அவை காத்திருக்கும். முனையத்தைத் திறந்து 'டாப்' என்று ஆணையிட்டால் இதை நீங்களே பார்க்கலாம். கணக்கு, 100 விழுக்காடு உழைத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் நீங்கள் கட்டுரை தட்டச்சு செய்வதில் தடங்கல் தெரியாது. நினைவகத்துக்கு மட்டும் இந்த மரியாதை பொருந்தாது. நினைவகம் சிறிதாக இருந்தால் இயந்திரம் தள்ளாடத்தான் செய்யும். அமைப்புகளில் அதற்கு ஒரு வரம்பு வைத்துவிடுவது நல்லது.

மின்சாரம் போய்விட்டால்? கணக்கு அவ்வப்போது தான் எட்டிய இடத்தை வட்டில் குறித்துவைத்துக்கொள்கிறது. மீண்டும் மின்சாரம் வந்ததும் அந்த இடத்திலிருந்து தொடங்கும். கடைசிக் குறிப்புக்குப் பிந்திய சில நிமிட உழைப்புத்தான் வீண். நீங்கள் பல நாள் கணிப்பொறியைத் திறக்காமலே இருந்தாலும் திட்டம் முடங்காது. குறித்த கெடு கடந்தால் அதே பொட்டலம் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

அந்நியர் தரும் செயல்நிரலை வீட்டில் ஓடவிடலாமா என்ற அச்சம் நியாயமானது. டெபியன், உபுண்டு ஏற்பாட்டில் பாயிங்க் தனக்கென்று ஒரு தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. அப்பயனருக்கு உங்கள் கோப்புகளில் உரிமை கொடுக்காமல் வைத்திருந்தால் அவற்றைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை. ஆயினும் பாயிங்க் வழியே யார் வேண்டுமானாலும் ஒரு திட்டம் தொடங்கிவிடலாம் என்பதை மறக்க வேண்டாம். நடத்துவது எந்தப் பல்கலைக்கழகம், என்ன ஆய்வு முடிவுகள் வெளியிட்டிருக்கிறது என்று பார்த்தே சேர வேண்டும்.

அந்த அச்சம் ஒருவழிப் பாதையன்று. திட்டக்காரர்களும் உங்களைக் கண்டு அஞ்சத்தான் வேண்டும். பழுதான நினைவகம், அளவுக்கு மீறி வேகப்படுத்திச் சூடேறிய கணிப்பொறி, இவை எந்த எச்சரிக்கையும் இன்றித் தவறான விடை தரும். உழைப்புக்குத் தரப்படும் புள்ளிகளுக்கு ஆசைப்பட்டுப் போலி விடை அனுப்பியவர்களும் உண்டு. இதனால்தான் இரண்டு வீடுகள். இங்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒன்று லினக்ஸ், ஒன்று விண்டோஸ் என்றால், இரண்டும் சரியாகக் கணக்கிட்டாலும் கடைசித் தசம இலக்கத்தில் சிறு வேறுபாடு வரலாம். ஆகவே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று கேட்பதில்லை; எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம் என்று முன்னரே வகுத்திருக்கிறார்கள்.

செலவு யாருடையது?

'சும்மா இருக்கும் கணிப்பொறியின் வீணாகும் நேரத்தைத் தானம் செய்யுங்கள்' என்றுதான் இத்திட்டங்கள் அழைக்கின்றன. 1990-களில் இது பெரும்பாலும் உண்மை. அன்றைய கணிப்பொறி சும்மா இருந்தாலும் உழைத்தாலும் ஏறக்குறைய ஒரே மின்சாரத்தை உண்டது. இன்றைய கணிப்பொறி வேலை இல்லாதபோது தன் பசியை வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. எனவே இன்று நீங்கள் தருவது நேரத்தை மட்டும் அன்று, மின்சாரத்தையும்தான்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மேசைக் கணிப்பொறி சும்மா இருக்கும்போது 40 வாட்டும், முழு உழைப்பில் 100 வாட்டும் எடுப்பதாகக் கொள்வோம். எப்படியும் திறந்திருக்கும் 10 மணி நேரத்தில் உழைக்கவிட்டால் கூடுதல் செலவு 600 வாட்-மணி. அதாவது 0.6 யூனிட், 30 நாளில் 18 யூனிட். இதற்கென்றே 10 மணி நேரம் திறந்துவைத்தால் நாளுக்கு 1 யூனிட், 30 நாளில் 30. உங்கள் கணிப்பொறியின் உண்மையான அளவு வேறாக இருக்கும். மின் மீட்டரைப் பார்த்துக் காணலாம். அந்த மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாக மாறி அறையில்தான் சேரும். பனி பெய்யும் ஹனோவரில் அது சுகம். சித்திரை மாதத்தில் நம் வீட்டில் மின்விசிறிக்கும் சேர்த்துச் செலவு. நான் என் பழைய இயந்திரத்தைக் கோடையில் பகலில் உழைக்கவிட்டு, விசிறியில் அடைந்த தூசியைக் கவனிக்காமல், அது தானே அணைந்துபோன பின்பே மூடியைத் திறந்து பார்த்தேன். இப்போது பாதி உள்ளகங்களுக்கு மேல் உழைக்கக் கூடாது, இரவில் மட்டும் உழைக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறேன். பாயிங்க் அமைப்புகளில் இரண்டையும் சொல்ல முடியும். மடிக்கணிப்பொறியில் இந்த வேலை வேண்டாம் என்பதே என் கருத்து.

ஆகவே மின்கட்டணம் செலுத்தும் பெரியவரிடம், மேலே சொன்ன கணக்கைக் காட்டி அனுமதி கேளுங்கள். பள்ளிக் கணிப்பொறியில் கேட்காமல் நிறுவவே கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கணிப்பொறிகளில் அனுமதியின்றி இத்தகைய செயல்நிரலை நிறுவிய பணியாளர் ஒருவர்மேல் 2001-இல் குற்ற வழக்கே தொடரப்பட்டது. 2002-இல் தண்டத் தொகையுடனும் நன்னடத்தைக் கண்காணிப்புடனும் அது முடிந்தது.

கணிப்பொறி இல்லாதவர்களுக்குத் தாயக்கட்டை இருக்கவே இருக்கிறது. அந்த விளையாட்டில் ஒரு கேள்வி பாக்கி. வகுப்பில் ஒரு மாணவி 14 என்ற எண்ணை எடுத்துக்கொண்டு, வரிக்குப் பதினான்காகப் பத்து வரிகள் எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். விண்மீன் நினைத்தது 7. அவள் தாளில் எத்தனை நெடுவரிசைகள் தலைநிமிரும்? அவற்றுக்கிடையே எவ்வளவு தொலைவு இருக்கும்? 'இடைவெளி 14-தான், என் தாளிலும் விண்மீன் தெரிகிறதே' என்று அவள் வாதாடினால், நீங்கள் என்ன காட்டி மறுப்பீர்கள்?